முள்ளெலிக்குக் கிண்ணம் நிறையப் புழு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முள்ளெலி வளர்ப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, காட்டில் பூச்சி தின்னும் பிராணிதானே, வீட்டிலும் தினமும் புழு போட்டால் போதும் என்று சொல்கிறது. பூச்சி தின்னும் பிராணி என்பது சரி. மற்றதை அப்படியே நம்பி வளர்த்தால் அதன் எலும்பும் ஈரலும் கெடும்.

கடைகளில் கிடைப்பது ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலி. சகாராவுக்குத் தெற்கே செனகலில் தொடங்கிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை பரந்த புல்வெளிகளே அதன் ஊர். இருட்டியதும் கிளம்பி இரவெல்லாம் மோப்பம் பிடித்து அலையும். வண்டு, கறையான், எறும்பு, மண்புழு, நத்தை, மரவட்டை, சிலந்தி என்று அகப்பட்டதைத் தின்னும், தேளையும் விடாது. பறவை முட்டை, குட்டிப் பாம்பு, உதிர்ந்த பழம் எப்போதாவது கிடைக்கும். நத்தை ஓட்டிலும் மரவட்டையின் ஓட்டிலும் சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், நிறைய உண்டு. வீட்டில் தீனியாகப் போடும் மாவுப்புழுவில் அது அறவே குறைவு; பாஸ்பரஸோ அதைப்போல் பல மடங்கு. இந்தப் புழுவையே நாள் தவறாமல் கொடுத்தால், இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். கால் வளைவதும், நடை தள்ளாடுவதும், சிறு இடறலில் எலும்பு முறிவதும் இதனால்தான். போதாததற்கு, உலர்ந்த எடையில் பார்த்தால் மாவுப்புழுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. இரவெல்லாம் நடக்கும் பிராணிக்கு அது செரிக்கும். கூண்டுக்குள் கிடப்பதற்குச் செரிக்காது.

ஆகவே காட்டின் பட்டியலை வீட்டில் நகலெடுக்க முடியாது. புரதம், கொழுப்பு, சுண்ணாம்பு இவற்றின் அளவைத்தான் ஒப்பிட்டுக் கொடுக்க வேண்டும். வளர்ந்த முள்ளெலிக்கு நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது வளர்ந்த பூனைக்கான உலர் தீவனம். உறையில் புரதம் 30 முதல் 35 சதவீதம், கொழுப்பு 10 முதல் 15 சதவீதம் என்று இருப்பதை வாங்குங்கள். பூனைக்குட்டித் தீவனத்தில் கொழுப்பு அதிகம், அது வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மேசைக்கரண்டி போதும். உருண்டை பெரிதாக இருந்தால் நசுக்கிப் போடுங்கள். மாலையில் விளக்கு வைத்த பின் கொடுத்து, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் கிண்ணம் நிறைந்திருந்தால் எவ்வளவு தின்றது என்பதே தெரியாது.

பூச்சியை நிறுத்தவும் கூடாது. பூச்சி ஓட்டிலுள்ள கைட்டின் அதன் குடலுக்கு நார்ச்சத்து. வாரத்தில் மூன்று நாள், ஐந்தாறு புழு அல்லது சுவர்க்கோழி கொடுக்கலாம். கொடுப்பதற்கு முதல் நாளே அந்தப் பூச்சிகளுக்குக் கேரட்டும் கீரையும் தீனியாகப் போட்டு வையுங்கள். கொடுக்கும்போது பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியைச் சிட்டிகையளவு தூவுங்கள். கோழிப்பண்ணைக்காரர்கள் வளர்க்கும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் சுண்ணாம்பு இயல்பாகவே மிகுதி. தோட்டத்தில் பிடித்த பூச்சி மட்டும் வேண்டவே வேண்டாம். பூச்சிமருந்து எங்கே தெளித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு பால்சோறு. பாலில் உள்ள லாக்டோஸ் முள்ளெலிக்குச் செரிக்காது. வயிறு போகும், அவ்வளவு சின்ன உடலில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. சோற்றில் அதற்கு வேண்டிய புரதமும் இல்லை. வேர்க்கடலை மேலண்ணத்தில் குறுக்கே சிக்கிக்கொள்ளும். வாயைத் திறந்து பார்க்காமல் காரணம் தெரியாது, பட்டினி கிடக்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், பச்சை முட்டை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். தண்ணீர், சரியாத தட்டையான மண் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 400 கிராம் இருந்தது 360-க்கு இறங்கினால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அக்குளில் கொழுப்பு மடிந்து, முழுப்பந்தாகச் சுருள முடியாமல் முகம் வெளியே தெரிந்தால் உடல் மிகப் பெருத்துவிட்டது என்று பொருள். அதற்காகப் பட்டினி போடாதீர்கள். கொழுத்த முள்ளெலி இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் ஈரலில் கொழுப்பு ஏறி இறந்துவிடக்கூடும். புழுவை நிறுத்தி, தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கால் சிக்காத கம்பியில்லாச் சக்கரம் வைத்து ஓடவிடுங்கள்.

தீவனம் சரியாக இருந்தும் திடீரெனத் தின்னவில்லையா? அறையின் ஏசியைப் பாருங்கள். 20 டிகிரிக்குக் கீழே போனால் இந்த ஆப்பிரிக்கப் பிராணி உறைந்தாற்போல் முடங்கும். அதைக் குளிர்கால உறக்கம் என்று விட்டுவிடுவது ஆபத்து. அந்த உறக்கத்தைத் தாங்கும் உடல் அதற்கு இல்லை. மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 24 முதல் 29 டிகிரி வரைதான் அதற்கு உகந்தது.

நம் தென்மாவட்டத்துப் புதர்க்காடுகளில் வாழும் மெட்ராஸ் முள்ளெலி வேறு இனம். 1851-லேயே அறிவியல் பெயர் பெற்றது. அது காட்டுயிர், பிடித்து வளர்க்கக் கூடாது. கக்குவானுக்கு மருந்து என்று அதன் முள்ளையும் தோலையும் தேடிப்போகும் பழக்கமும் நிற்க வேண்டும். வயலில் கண்டால் பாலும் சோறும் வைக்காமல் அதே வேலியோரப் புதரில் விட்டுவிடுங்கள். கறையானும் வண்டும் அங்கேதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
பாளையங்கோட்டை.