அம்மாவுக்கு அந்த மாத்திரை ஏன் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் முழங்கால் வலிக்கு, நீ போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபினாக் மாத்திரையையே கொடுக்கலாமே என்று கேட்டிருந்தாய். அவள் படும் பாட்டைப் பார்க்கையில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் நான் கொடுக்கவில்லை. மருந்தாளுநராக வேலை பார்த்தவன் என்ற முறையில் காரணத்தை எழுதுகிறேன்.

இந்த மருந்து இரத்தத்தில் கலந்ததும் 99 சதவீதத்துக்கு மேல் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிஞ்சுகிற சிறு பங்குதான் வலியைத் தணிக்கிறது. கெடுதலும் அதனால்தான் வருகிறது. நாள்பட்ட நோயாலோ கல்லீரல் கோளாறாலோ ஆல்புமின் குறைந்தால் அந்தப் பங்கு கூடிவிடும். வயதாக ஆக, இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறைகிறது.

எனக்குப் பெரிய கவலை சிறுநீரகம்தான். போன பரிசோதனையில் அம்மாவின் கிரியேட்டினின் 1.0 என்று வந்ததும் நீ நிம்மதியடைந்தாய். ஆனால் கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வந்து, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. முதுமையில் தசை கரைந்துபோவதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் இயல்பான அளவிலேயே இருக்கக்கூடும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 32 வயதும் 60 கிலோவும் உள்ள உனக்கு அதே 1.0 என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 76 மில்லிலிட்டர் வடிகட்டும் திறன். 72 வயதில் 50 கிலோ இருக்கும் அவளுக்கோ வெறும் 40. அந்தத் திறனையும் தாங்கிப் பிடிப்பது, சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள். இந்த மாத்திரை தடுப்பது அவற்றைத்தான். இரத்த அழுத்தத்துக்கு லோசார்டனும் கூடவே சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவள் இதையும் சேர்த்து விழுங்கினால், ஒருநாள் வயிற்றுப்போக்கு வந்தாலே சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும் ஆபத்தும் இந்த வயதில் அதிகம்.

அதனால் மருத்துவரிடம் கேட்டு, அதே மருந்தை ஜெல்லாகத் தடவி வருகிறோம். அதிலிருந்து இரத்தத்தில் சேர்வது, மாத்திரையால் சேர்வதில் சுமார் 6 சதவீதமே. வலி முழுவதும் போய்விடவில்லை. ஆனால் இரவில் தூங்குகிறாள்.

என்னிடம் மறைப்பதைக்கூட அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள். ஆகவே தொலைபேசியில் பேசும்போது, யாராவது கொடுத்த வலி மாத்திரை எதையாவது சாப்பிட்டாளா, கால் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று சொன்னாலும், எந்த நேரமானாலும் உடனே என்னை அழைத்துச் சொல்.

அன்புடன்,
அப்பா