கருப்பை புரளுதல்: தொப்புள்கொடியை இழுப்பது மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மகப்பேறு கட்டுரையில், குழந்தை பிறந்த கையோடு கருப்பை உட்புறம் வெளியாகப் புரண்டுவிடும் அரிய சிக்கலுக்குத் தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்ததே காரணம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பிரசவ அறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில், அது பாதி உண்மைதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பல ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில் நிகழ்வது இது. சுருக்குப்பையின் அடியை உள்ளிருந்து பிடித்து வாய்வழியே வெளியே எடுப்பதைப் போலக் கருப்பையின் மேல்முகடு சரிந்து கீழே வந்துவிடுகிறது. நஞ்சுக்கொடி அந்த முகட்டிலேயே ஒட்டியிருந்து, தசையும் சுருங்காமல் தளர்ந்து கிடக்கும்போதுதான் இழுப்பு பெரும்பாலும் வினையாகிறது. நஞ்சுக்கொடி தசைக்குள் ஆழ வேரோடியிருப்பது, தொப்புள்கொடி குட்டையாக இருப்பது, பிரசவம் மிக விரைந்து முடிவது ஆகியவையும் காரணமாகலாம்; யார் கையும் படாமல் தானாகவே புரள்வதும் உண்டு. ஆகவே, எடுத்த எடுப்பில் பிரசவம் பார்த்தவர் மீது பழி போடுவது நியாயமன்று.

அதே சமயம், நம்மால் தவிர்க்க முடிந்த காரணமும் அந்த இழுப்பே என்பதை நான் மறுக்கவில்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டு, கருப்பை இறுகிய பிறகு, ஒரு கை அடிவயிற்றில் கருப்பையை மேல்நோக்கித் தாங்கியிருக்க, மறு கையால் தொப்புள்கொடியை மிதமாக இழுப்பதே முறை. பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில் கொடியை இழுக்கவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. “நஞ்சு விழுந்ததா, இல்லையா?” என்று வாசலில் நின்று உறவினர் அவசரப்படுத்துவதும், தளர்ந்த வயிற்றை மேலிருந்து அழுத்துவதும் இன்னும் ஓயவில்லை.

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது அடையாளங்களைத்தான். வெளியே தெரியும் இரத்தப்போக்குக்குச் சற்றும் பொருந்தாத அளவில் தாய் திடீரென அதிர்ச்சி நிலைக்குப் போவார். இரத்த அழுத்தம் சரியும், சில வேளைகளில் நாடியும் மெதுவாகும். தொப்புளருகே உருண்டையாகக் கையில் தட்டுப்பட வேண்டிய கருப்பை தட்டுப்படாது, அல்லது அதன் முகட்டில் குழி தெரியும். கருப்பைவாய் இறுகுமுன், அதாவது சில நிமிடங்களுக்குள், உள்ளங்கையால் அதை மேலே தள்ளிப் பழைய நிலையில் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு அவசியம் இராது. ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியை அதற்கு முன் பிய்த்தெடுத்தால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகும்.

அடுத்த பிரசவத்திலும் இது திரும்ப வரக்கூடும் என்பதால், வீடு திரும்புமுன் தாய் சேய் நல அட்டையில் இதை எழுதி வாங்கிக்கொள்ளுமாறு வாசகர்களுக்குத் தாங்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.