நீ சொன்ன ஜோக்

அன்புள்ள கண்மணிக்கு,

நேற்று போனில் நீ சொன்னதே மனதில் ஓடுகிறது. புது ஆபீஸில் நீ ஒரு ஜோக் சொன்னாயாம், ஒருவரும் சிரிக்கவில்லையாம். அப்புறம் யாரோ "இன்றைக்கும் மீட்டிங்கா?" என்று கேட்டதற்கு அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "எனக்கு நகைச்சுவையே வராதாப்பா?" என்றாய். சமாளித்துப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

ராபர்ட் புரோவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் உனக்காகவே ஒரு காரியம் செய்திருக்கிறார். பொது இடங்களில் ஜனங்கள் சிரிக்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் என்ன பேசினார்கள் என்று ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டார். 1,200 சிரிப்புகள்! (அந்த வேலையை உன் அம்மா சம்பளமில்லாமலே செய்வாள்.) அவற்றில் ஜோக் என்று சொல்லும்படியாக இருந்தது ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மிச்சமெல்லாம் "சரி, அப்புறம் பார்க்கலாம்" ரகம். ஆக, உன் ஆபீஸில் அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. கேட்டவரோடு சேர்ந்து சிரித்தார்கள். நீ போய்ச் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறது?

பெரிதாக எதையோ எதிர்பார்த்து அது சட்டென்று புஸ்ஸென்று போவதுதான் சிரிப்பு என்று 1790-இல் காண்ட் என்ற ஜெர்மன் தத்துவவாதி எழுதினார். பாதிதான் சரி என்று தோன்றுகிறது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தாலும் எதிர்பார்ப்பு பொய்த்துத்தான் போகிறது, சிரிப்பா வருகிறது? கைக்குழந்தையாக இருந்த உன்னை மேலே தூக்கிப்போட்டுப் பிடிப்பேன், கெக்கெக்கே என்று சிரிப்பாய். ஒரு நாள் வீட்டுக்கு வந்த ஒருவர் அதையே செய்தார். வீல் என்று அலறினாய். உயரம் அதேதான், பிடித்த கைதான் வேறு.

தொல்காப்பியத்தில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலைத்தான், அதாவது கேலியைத்தான், தொல்காப்பியர் முதலில் வைத்திருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சாயங்காலம் ஞாபகம் வரும். மேடையில் பாட்டு மறந்துபோய் நீ திருதிருவென்று விழித்தாய் அல்லவா, அதை உறவினர்கள் முன்னால் நான் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் வாய் மட்டும்தான். உண்மையாகச் சிரித்தால் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டியிருக்கிறார். உன் கண் அசையவே இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்த பிறகும், கேட்டுக்கொண்டார்கள் என்று இன்னொரு தரம் நடித்தேன். "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி" என்ற குறள் எனக்கு அப்போதே மனப்பாடம்தான். என்ன பிரயோசனம்? அன்று யார் யார் சிரித்தார்கள் என்பது மறந்துவிட்டது, உன் முகம் மறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துவிடு அம்மா.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று அந்த ஜோக்கை எனக்குச் சொன்னபோது லைன் சரியாக இல்லை. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மறுபடி சொல்.

அன்புடன்,
அப்பா