கழற்றிய ஃபோர்க்கைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கும் தம்பிகளே, அதில் கை வைத்து வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன்மாரே,

வணக்கம். பழைய ஆர்எக்ஸ் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் பெயின்ட், அடுத்தது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்க் கால்கள், என்று ஆகிவிட்டது. ஏதோ ஒரு 150 சிசி வண்டியின் ஃபோர்க், டிஸ்க், அலாய் வீல் மூன்றையும் செட்டாக வாங்கி மாட்டிவிடுகிறோம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அந்தச் சின்ன டிரம் பிரேக்கை நம்பி இன்றைய நெரிசலில் ஓட்டப் பயமாகத்தான் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘டொக்’கென்று அடிப்பதும் உண்மை. நான் கேட்பது ஒன்றுதான். மாற்றுவதற்கு முன், இருக்கிற ஃபோர்க்கை ஒரு தடவை முழுசாகப் புதுப்பித்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

நான் மாற்றிப் பார்த்துப் பட்டவன். அப்பாவின் 1993 வண்டி அது. புது ஃபோர்க்கின் டி-ஸ்டெம், அதாவது ஃபோர்க்கை ஃபிரேமோடு இணைக்கும் தண்டு, நீளம் ஒத்துவரவில்லை. அதனால் லேத்தில் கொடுத்து, பழைய ஸ்டெம்மை வெட்டி, ஃபோர்க் கால்களைப் பிடித்திருக்கும் புது கிளாம்ப்பில் பற்றவைத்து மாட்டிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அறுபதைத் தாண்டினாலே ஹேண்டில் லேசாக ஆடும். ஒரு நாள் திண்டிவனம் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது ஹேண்டில் இரண்டு கைக்குள்ளும் உதறியது. பின்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள். மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியதும் கால் நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல்.

ஏன் ஆடியது என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹேண்டில் திரும்பும் அச்சை அப்படியே தரை வரை ஒரு கோடாக நீட்டிப் பாருங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளியை டிரெயில் என்கிறார்கள். டயர் பின்னால் இழுபட்டு வருவதால்தான் கையை லேசாக வைத்தாலும் வண்டி நேராக ஓடுகிறது. ஆர்எக்ஸின் சக்கரம் 18 அங்குலம். அங்கே 17 அங்குலம் வந்தாலோ, ஃபோர்க் நீளம் குறைந்தாலோ, கிளாம்ப் ஃபோர்க்கை முன்னால் தள்ளிப் பிடித்தாலோ டிரெயில் குறையும். என் வண்டியில் மூன்றுமே நடந்திருந்தது. இன்னொன்றும் உண்டு. நூறு கிலோ சுமாருக்கு இருக்கும் அந்த வண்டியின் ஃபிரேம் முன் டிரம் பிரேக்கின் இழுப்பைத் தாங்கச் செய்தது. டிஸ்க்கை அழுத்திப் பிடித்தால் அதைவிட அதிக விசை, ஸ்டெம் நுழைந்து திரும்பும் ஹெட் பைப்பின் பற்றவைப்பில் போய் விழுகிறது. முப்பது வருடம் பழகிய இரும்பு அது.

சரி, புதுப்பிப்பது என்றால் என்ன? ஃபோர்க் ஆயிலை மட்டும் மாற்றுவது இல்லை. நான் பார்த்த முக்கால்வாசி வண்டிகளில் ஆயிலை யாரும் மாற்றியதே கிடையாது. வடித்தால் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் வரும். ஃபோர்க்கின் இரண்டு காலையும் இறக்கி, குழாயை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல் ஏறி இறங்கும் இடத்தில் துருக்குழி இருந்தால் எத்தனை புது ஆயில் சீல் போட்டாலும் கிழியும். குழாயைக் குரோமிங் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஸ்பிரிங் நீளத்தை மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அமுங்கிப்போயிருந்தால் புதுசு போடுங்கள். ஸ்பிரிங்குக்கு மேல் வாஷர் வைத்தால் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பக்கம் கொஞ்சம் உயருமே தவிர, ஸ்பிரிங்கின் கடினம் மாறாது.

அண்ணன்மாரே, ஃபோர்க்கில் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். இந்த ஃபோர்க்கில் வால்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் போய்வருவதுதான் எல்லாம். ஆயில் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் சின்னப் பள்ளத்தில்கூட ஃபோர்க் அமுங்காமல் அடி நேராகக் கைக்கு வரும். ஃபோர்க் ஆயிலையே வாங்கி, இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்றுங்கள்.

ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டை மறந்துவிடாதீர்கள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டால் அதன் குண்டுகள் உருளும் வளையமான பால் ரேஸில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். ‘ஃபோர்க் போய்விட்டது’ என்று சொல்லப்படும் பாதி வண்டிகளில் போயிருப்பது இதுதான். பிரேக்குக்கும் இதே கதை. டிரம்மை லேத்தில் ஒரு சீராகக் கடைந்து, நல்ல ஷூவும் புது கேபிளும் போட்டு, பிரேக் பிடிக்கும்போது கேபிள் இழுக்கும் ஆர்மும் கேபிளும் செங்கோணத்தில் நிற்கும்படி வையுங்கள். அதே டிரம் உங்களை ஆச்சரியப்படுத்தும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மூல வடிவத்திலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். 15 வருடம் தாண்டிய நம் வண்டிகள் பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ முன்னால் போய் நிற்க வேண்டியவை.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஸ்டெம்மை மட்டும் பற்றவைக்க விடாதீர்கள். முழுசாகக் கடைந்த ஒரே துண்டு ஸ்டெம் கேளுங்கள். கழற்றிய பழைய ஃபோர்க்கைத் துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. நேரான குழாயோடு ஒரு ஜோடி ஃபோர்க் தேடி நான் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். என்னுடையதை லேத்துக்காரரிடமே விட்டு வந்திருந்தேன்.

அன்புடன்,
அப்பாவின் ஆர்எக்ஸை இன்றும் ஓட்டும் உங்கள் அண்ணன்