உருவம் மட்டுமே மரபாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பண்டைய நெசவு இன்றைய ஆடை வடிவமைப்பில் எடுத்தாளப்படுவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும், அம்மரபை வெறும் உருவங்களின் தொகுப்பாகவே கட்டுரை கண்டது எனக்குக் குறையாகப் பட்டது.

அங்கே பேரரசு அமைத்த இன்காக்களின் 'உன்கு' என்னும் மேலாடை, துணியை வெட்டித் தைத்ததன்று. உடுத்துபவருக்கு வேண்டிய அளவிலேயே நான்கு ஓரமும் முடிந்த ஒரே துண்டாக நெய்யப்பட்டு, கழுத்துக்கான பிளவும் கத்திபடாமல் தறியிலேயே விடப்பட்டு, பின் மடித்துப் பக்கங்கள் மட்டும் இணைக்கப்பட்டது. துணிக்கழிவே இல்லாத ஆடை என்று இன்று புதுமையாகப் பேசப்படுவதன் இலக்கணம் அங்கே முன்பே இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையே இடையில் நிறுத்தி வேறு நிறப் பாவோடு கோத்து நெய்யும் அரிய நுட்பமும் பண்டைய ஆண்டிஸ் நெசவாளர்களுடையது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பெர்ஸ் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களைத் தம் ஆசான்களாகக் கொண்டது, அவர்கள் நூலைக்கொண்டே சிந்தித்த இந்த முறைக்காகத்தான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, இன்காக்களின் உயர்குடி ஆடைகளில் இடம்பெற்ற 'தோகாபு' என்னும் வடிவியல் உருவக் கட்டங்களை மட்டும் பாலியெஸ்டரில் அச்சடித்தால் அது மறுவாசிப்பு ஆகுமா? நகலின் நகல் என்றே சொல்வேன்.

மரபு மாறவே கூடாது என்பது என் வாதமன்று. பெரு நாட்டில், டிட்டிகாகா ஏரியின் டக்கிலே தீவில் ஆண்களே தொப்பி பின்னுகிறார்கள். ஆண்டின் சடங்கையும் வேளாண் சுழற்சியையும் காட்டும் அகன்ற இடுப்புக்கச்சையும் அங்கே நெய்யப்படுகிறது. யுனெஸ்கோ 2005இல் சிறப்பித்த அக்கலையில் இக்காலத்து உருவங்களும் புகுந்துள்ளன. நெய்யும் முறை மட்டும் கைவிடப்படவில்லை. அந்நாட்டின் சின்செரோ ஊரைச் சேர்ந்த நெசவாளர் நில்டா கல்யனௌபா உள்ளிட்டோர் 1996இல் குஸ்கோ நகரில் தொடங்கிய மரபு நெசவு மையமும் இயற்கைச் சாயத்தையும் பழைய நுட்பங்களையும் மீட்டு, நெய்தவருக்கே வருவாய் சேரும்படி செய்துவருகிறது. வடிவமைப்பாளர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடம் அத்தகைய தறிகளின் பக்கம்.

இனி இத்தகைய ஆடைகளின் படங்களை வெளியிடும்போது, அது நெய்ததா அச்சிட்டதா, நெய்தது எந்தச் சமூகத்தார் என்ற விவரத்தைப் படக்குறிப்பில் ஒரு வரியாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெசவு பயிலும் வாசகர் ஒருவர்