ஃபோர்லான் மும்பைக்கு பென்ஷன் வாங்க வரல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல, ஐஎஸ்எல் ஃபுட்பால் லீக் ஆரம்ப வருஷங்கள்ல இங்க வந்து ஆடுன வெளிநாட்டு பிளேயர்ஸ் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா மும்பை சிட்டி டீமுக்கு ஆடுன உருகுவே ஸ்ட்ரைக்கர் டியேகோ ஃபோர்லானையும் அந்தக் கூட்டத்துல சேத்து, வயசான காலத்துல நாடு நாடா சுத்தி காசு பாத்தவங்கன்னு ஒரே வரியில முடிச்சது எனக்கு மனசு ஆறவே இல்ல. மூணு நாளா யோசிச்சு இத எழுதுறேன். நான் தாராவில பொறந்து வளந்தவன், அப்பா திருநெல்வேலி பக்கத்துலேர்ந்து இங்க தோல் பட்டறை வேலைக்கு வந்தவரு.

2016 நவம்பர் 19, சனிக்கிழமை. ஐநூறு ஆயிரம் நோட்டு செல்லாதுன்னு சொல்லி பதினோரு நாள் ஆகியிருந்துச்சு, காலையில ஃபுல்லா ஏடிஎம் லைன்ல நின்னு ரெண்டாயிரம் ரூபா எடுத்துட்டு, சாயங்காலம் என் பையன கூட்டிக்கிட்டு மாஹிம்லேர்ந்து லோக்கல் புடிச்சு அந்தேரி போய் அங்கேர்ந்து மெட்ரோல ஆசாத் நகர்ல எறங்கி ஸ்டேடியத்துக்கு நடந்து போனோம். அப்ப அவனுக்கு ஆறு வயசு. எதிர் டீம் கேரளா பிளாஸ்டர்ஸ், கேலரில பாதி மஞ்சள் சட்டைதான். ஃபோர்லானுக்கு அப்ப 37 வயசு. அந்த மனுஷன் அன்னைக்கு மூணு கோல் போட்டாரு, மும்பை 5-0ல ஜெயிச்சது. அந்த கேரளா டீம் சும்மா டீம் இல்ல சார், அந்த வருஷம் ஃபைனல் வரைக்கும் போன டீம்.

ஆனா எனக்கு கோல விட வார்ம்-அப்தான் இன்னும் கண்ணுல நிக்குது. நாங்க சீக்கிரமே போயிட்டோம். மத்தவங்க சிரிச்சு பேசிக்கிட்டு பந்த தட்டிக்கிட்டு இருக்காங்க, இவரு மட்டும் பெனால்டி பாக்ஸ் ஓரத்துல நின்னு வலது கால்ல ஒண்ணு, எடது கால்ல ஒண்ணு, மறுபடி வலது, மறுபடி எடதுன்னு அடிச்சுக்கிட்டே இருந்தாரு. பந்து வெளிய போனா மூஞ்சி சுளிக்கிறாரு, யாரும் பாக்கலன்னாலும் சுளிக்கிறாரு. உலகக் கோப்பையோட பெஸ்ட் பிளேயர் அவார்டு வாங்குன ஆளு, சம்பளம் எப்படியும் வந்துடும், அந்தேரில யாரு கேக்கப் போறா? பென்ஷன் வாங்க வந்த ஆளு இப்படி பயிற்சி பண்ணுவாரா, நீங்களே சொல்லுங்க.

அவர் குடும்பமே ஃபுட்பால் குடும்பம். தாத்தா ஹுவான் கார்லோஸ் கொராஸ்ஸோ 1962 உலகக் கோப்பையில உருகுவே டீமுக்கு கோச். அப்பா பாப்லோ ஃபோர்லான் 1966லயும் 1974லயும் உலகக் கோப்பை ஆடுனவரு. இவருக்கோ சின்ன வயசுல டென்னிஸ் மேலதான் ஆசை, நல்லாவும் ஆடுவாராம். 1991ல அக்கா அலெஹான்ட்ராவுக்கு கார் விபத்து. அக்காவோட காதலர் அந்த இடத்துலயே போயிட்டாரு, அக்கா நடக்க முடியாம வீல் சேர்ல உக்காந்துட்டாங்க. இவருக்கு அப்ப 12 வயசு. ஆஸ்பத்திரி செலவுக்கு மரடோனா கூட முன்ன நின்னு பணம் திரட்டி குடுத்தாரு. அக்காவுக்கு நல்ல டாக்டர் பாக்கணும், அதுக்கு நான் பெரிய ஃபுட்பால் பிளேயர் ஆகணும்னு அந்த 12 வயசுப் பையன் முடிவு பண்ணிட்டான். நாடு நாடா போய் காசு சம்பாதிச்சாருன்னு எழுதுனீங்களே, அந்தக் காசுக்கு பின்னாடி என்ன இருந்துச்சுன்னும் ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த அக்கா பின்னாடி சாலைப் பாதுகாப்புக்குன்னு ஒரு அறக்கட்டளையே ஆரம்பிச்சாங்க.

அர்ஜென்டினால இந்தெபெந்தியெந்தேல ஆடி பேர் வாங்கி, 2002 ஜனவரில மான்செஸ்டர் யுனைடெட் வந்தாரு. வந்து என்ன ஆச்சு? கோலே வரல. ஒரு மேட்ச் ரெண்டு மேட்ச் இல்ல, எட்டு மாசம், 27 மேட்ச். ஸ்ட்ரைக்கர்னு சொல்லி கூட்டிட்டு வந்த ஆளு கோல் போடலன்னா அந்த ஊர் பத்திரிகைங்க என்ன பாடு படுத்தியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஆனா ஸ்டேடியத்துக்கு வந்த ரசிகர்கள் அவர விட்டுக் குடுக்கல, இவரும் ஓடுறத நிறுத்தல. செப்டம்பர்ல மக்காபி ஹைஃபா கூட சாம்பியன்ஸ் லீக் மேட்ச்சுல பெனால்டி கெடச்சப்ப பெக்காம் பந்த இவர்கிட்ட குடுத்தாரு, அதுதான் முதல் கோல். அதுக்கப்புறம் டிசம்பர் 1, லிவர்பூல் கூட அவங்க ஊர் ஆன்ஃபீல்டுலயே மேட்ச், கோல்கீப்பர் டூடெக் கையில வந்த பந்த நழுவ விட்டுட்டாரு, இவரு அங்க இருந்தாரு, தட்டிட்டாரு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு. 2-1. யுனைடெட் ரசிகர்கள்கிட்ட இன்னைக்கு கேட்டாலும் அந்த மேட்ச்ச சொல்லுவாங்க.

ஸ்பெயின் போன பிறகு கேக்கணுமா. வில்லாரியல்ல முதல் சீசன்லயே 25 லீக் கோல், ஐரோப்பிய லீக்குகள்ல அதிக கோல் போட்டவருக்கு குடுக்குற கோல்டன் ஷூவ தியரி ஆன்றி கூட பங்கு போட்டுக்கிட்டாரு. வில்லாரியல்ங்கிறது ஒரு சின்ன ஊரு, அந்த ஊர் டீம் 2006ல சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் வரைக்கும் போச்சு. அடுத்து அத்லெட்டிகோ மாட்ரிட், டோரஸ் விட்டுட்டுப் போன எடத்துக்கு. 2008-09ல 32 லீக் கோல், மறுபடி கோல்டன் ஷூ, இந்த தடவ பங்கு இல்ல. 2010 மே மாசம் ஹாம்பர்க்ல யூரோப்பா லீக் ஃபைனல், ஃபுல்ஹாம் கூட 2-1, ரெண்டு கோலும் இவரு, ரெண்டாவது 116வது நிமிஷத்துல.

அடுத்த மாசமே தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை. உருகுவே மொத்த ஜனத்தொகை 35 லட்சம் பக்கம்தான், மும்பையில மூணுல ஒரு பங்கு கூட வராது. அந்த உலகக் கோப்பைக்குன்னு செஞ்ச ஜபுலானி பந்து காத்துல ஆடுதுன்னு எல்லாரும் புலம்பிக்கிட்டு இருந்தாங்க, இவரு தூரத்துலேர்ந்தே உள்ள எறக்குனாரு. கானா கூட ஃப்ரீ கிக். செமி ஃபைனல்ல நெதர்லாந்து கூட எடது கால்ல தூரத்துலேர்ந்து ஒண்ணு. மூணாவது எடத்துக்கான மேட்ச்ல ஜெர்மனி கூட, பந்து தரையில படுறதுக்கு முன்னாடியே அடிச்ச வாலி அந்த டோர்னமென்ட்டோட சிறந்த கோல்னு தேர்வாச்சு. அதே ஜெர்மனி மேட்ச்சுல கடைசி நொடியில அடிச்ச ஃப்ரீ கிக் கிராஸ்பார்ல பட்டு வெளிய போச்சு, இல்லன்னா மேட்ச் எக்ஸ்ட்ரா டைம் போயிருக்கும். நாலாவது எடந்தான், ஆனா பெஸ்ட் பிளேயருக்கான கோல்டன் பால் இவருக்கு. அடுத்த வருஷம் தென் அமெரிக்க நாடுகளோட கோப்பையான கோபா அமெரிக்கா ஃபைனல்ல ரெண்டு கோல் போட்டு கப்பும் வாங்கிட்டாங்க.

அப்புறம் நீங்க சொல்ற அந்த ஊர் சுத்துறது. இன்டர் மிலான்ல சரியா போகல, லீக்ல 2 கோல்தான், அத மறைக்க மாட்டேன். பிரேசில்ல இன்டர்னாசியோனல், ஜப்பான்ல செரெசோ ஒசாகா. ஜப்பான் போன அன்னைக்கு ஜப்பானிய மொழியிலயே பேசி தன்ன அறிமுகப்படுத்திக்கிட்டாரு. டீம் ரெண்டாவது டிவிஷனுக்கு எறங்குன பிறகும் ஒடனே கெளம்பல, அங்கயும் ஆடுனாரு. ஊருக்குத் திரும்பி அப்பா ஆடுன பெனரோல்ல லீக் சாம்பியன். அப்புறம் மும்பை, அப்புறம் 2018ல ஹாங்காங் கிட்சீ. எங்க தாராவி ஆளுங்கள யாராவது ஊர் ஊரா காசுக்கு அலையிறவங்கன்னு சொன்னா எங்களுக்கு எப்படி இருக்கும்? எங்கப்பாவும் பொழைக்கத்தான் வந்தாரு, வந்த எடத்துல இந்தியும் மராட்டியும் கத்துக்கிட்டு முப்பது வருஷம் வேலை பாத்தாரு. போன எடத்துல ஒழுங்கா வேலை பாக்குறவன கூலிக்கு வந்தவன்னு சொல்லிடாதீங்க சார்.

மும்பையில அவரு போட்டது 5 கோல்தான். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு சீசனும் செமி ஃபைனல் பக்கமே போகாத டீம் அந்த வருஷம் டேபிள்ல முதல் எடம். செமி ஃபைனல் ரெண்டு மேட்ச், கொல்கத்தால நடந்த முதல் மேட்ச்சுல ரெண்டாவது மஞ்ச கார்டு வாங்கி வெளிய போயிட்டாரு, இங்க நடந்த அடுத்த மேட்ச்ல ஆட முடியல, அது 0-0ல முடிஞ்சு, ரெண்டு மேட்ச்சும் சேத்து 3-2ன்னு நாம தோத்துட்டோம். அன்னைக்கு ராத்திரி என் பையன் சோறு திங்கல.

அந்தப் பையனுக்கு இப்ப 15 வயசு. எங்க ஏரியா டீம்ல ஃபார்வர்டு. இந்த சீசன் பதினோரு மேட்ச்சா கோல் இல்ல. போன மாசம் ஷூவ கழட்டி கட்டிலுக்கு அடியில போட்டுட்டு இனிமே போகலப்பான்னுட்டான். நான் அவனுக்கு அறிவுரை ஒண்ணும் சொல்லல, அந்த 27 மேட்ச் கதைய மட்டும் சொன்னேன். மறுநாள் விடிகாலைல சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா சந்துல செவத்துல பந்த அடிச்சுக்கிட்டு இருக்கான், எடது கால்ல மட்டும். பால் வாங்கப் போற அக்கா ஒருத்தங்க திட்டிக்கிட்டே போறாங்க. இப்ப அவன் எடது ஷூவோட முன்பக்கம் வாய பொளந்துடுச்சு, ரெண்டு தடவ ஃபெவிக்விக் போட்டாச்சு. இதுக்கு நடுவுலதான் உங்க கட்டுரை வந்துச்சு, அவனும் படிச்சான், படிச்சுட்டு என்னப்பா இப்படி எழுதியிருக்காங்கன்னு கேட்டான்.

2024 நவம்பர்ல, 45 வயசுல, மோன்டெவிடியோல சேலஞ்சர்ங்கிற ஒரு புரொஃபஷனல் டென்னிஸ் போட்டியில டபுள்ஸ் ஆட எறங்குனாரு ஃபோர்லான். 6-1, 6-2ன்னு முதல் ரவுண்ட்லயே தோத்துட்டாரு. சின்ன வயசுல விட்ட ஆட்டத்த அந்த வயசுல போய் நின்னு ஆடுனாரே, அதயும் சேத்து எழுதியிருந்தா அந்தக் கட்டுரையே வேற மாதிரி இருந்திருக்கும்.

அதனால ஒரே ஒரு கோரிக்கைதான். அவரப் பத்தி முழுசா ஒரு கட்டுரை போடுங்க, எடம் கம்மின்னா கோப்பைங்கள வேணும்னா விட்டுடுங்க, அந்த 27 மேட்ச்ச விட்டுடாதீங்க. பையன் அவன் பீரோ கதவுல ஒட்டுறதுக்கு எடம் ஒதுக்கி வச்சிருக்கான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
தாராவி, மும்பை