யாழ்ப்பாணத்துக்கு ஒரு கூரையுள்ள அரங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அடிக்கல் நாட்டியதிலிருந்து, வடக்கின் விளையாட்டு வசதிகள் பற்றிய பேச்செல்லாம் துடுப்பாட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. மைதானம் வரட்டும், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் விளையாட்டுக்கும் இசை நிகழ்ச்சிக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய, கூரையுள்ள பெரிய அரங்கொன்று யாழ்ப்பாண நகருக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதே, நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியராக இருந்த என் கருத்து.

இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு நமக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது திறந்தவெளி மைதானம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்தால், வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் பழகும் பிள்ளைகள் தும்புத்தடியால் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, ஈரம் காயாத சீமெந்துத் தரையில் கால் வழுக்காமல் பார்த்துக்கொண்டு பந்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் 348 கோல்கள் போட்டு எல்லோரையும் முந்தினார். அத்தகைய வீராங்கனையைத் தந்த மாவட்டம் இது.

அவர் அந்தக் கோல்களைப் போட்ட இடத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லிவர்பூல் நகரின் துறைமுகக் கரையில் 2008இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு, ஏறத்தாழ 11,000 பேர் அமரக்கூடிய இசையரங்கும்கூட. வலைப்பந்தாட்டம் நடந்த அதே தளத்தில்தான் 2023 மே மாதம் யூரோவிஷன் பாடல் போட்டியும் நடந்தது. லிவர்பூல் இங்கிலாந்தின் தலைநகர் அல்ல, நடுத்தர நகரம்தான். நமக்கு அதில் நாலில் ஒரு பங்கு அளவு போதும்.

இசை நிகழ்ச்சியின் பக்கம் வந்தால், 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளி மைதானத்தில் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தடுப்புகளை உடைத்துக்கொண்டு கூட்டம் முன்னே பாய, நிகழ்ச்சியை இடைநிறுத்த வேண்டியதாயிற்று. அன்று இளைஞர்களின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். வாசல்களையும் தடுப்புகளையும் பற்றி எழுதியவர்கள் சிலர். ஆயிரக்கணக்கானோர் திரளும் வெட்டவெளியில், உள்ளே வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணவும் இயலாது, நெரிசல் வந்தால் எந்தப் பக்கம் வெளியேற்றுவது என்றும் தெரியாது. கட்டணம் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் இடையே ஒரு தகரவேலிதான் இருக்கிறதென்றால், அந்த வேலி நிற்காது.

ஆகவே இத்தகைய அரங்கைத் திட்டமிடுவோர், முதலில் விளையாட்டு மண்டபத்தைக் கட்டிவிட்டுப் பிறகு மேடை போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாது. நாற்பது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமும் கொண்ட தளம், சுற்றிவர ஓடுவதற்கு இடம் விட்டு அமைந்தால், வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், பூப்பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் போதும். கூரை பன்னிரண்டரை மீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் தொங்கவிடும் பாரத்தைத் தாங்கும்படி கூரைச் சட்டங்களை ஆரம்பத்திலேயே கணக்கிட்டு அமைக்க வேண்டும். பின்னால் பலப்படுத்தப் போனால் செலவு பல மடங்காகும். வெறும் சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும் என்றால் பாட்டின் ஒரு சொல்லும் விளங்காது என்பதைப் பாடசாலை மண்டபங்களில் உட்கார்ந்த எவரும் அறிவர். மடித்து உள்ளே தள்ளக்கூடிய இருக்கைகள் வேண்டும். மரத்தளத்தைக் காக்கும் விரிப்பும் வேண்டும். இல்லாவிட்டால் முதல் இசை நிகழ்ச்சியோடு தளம் பாழாகிவிடும்.

யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையத்தில் அழகான மண்டபம் உண்டு. ஆனால் அதில் அறுநூறு பேர்தான் அமரலாம், பந்து விளையாட முடியாது. மேலும், அந்தக் கட்டடம் எழுந்த பின்னும் அதை யார் நடத்துவது, பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி நீண்டகாலம் இழுபட்டதை நாம் பார்த்தோம். புதிய அரங்குக்கு அந்தக் கேள்வியை அடிக்கல்லுக்கு முன்பே தீர்க்க வேண்டும். வார இறுதியில் இசை நிகழ்ச்சிகளும் வர்த்தகக் கண்காட்சிகளும் தரும் வாடகை, வார நாட்களில் பாடசாலைப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் பழகுவதற்கு உதவ வேண்டும். ஆண்டு நாட்காட்டியில் பிள்ளைகளின் நாட்களை முதலில் குறித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு விட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, பிரித்தானியர் ஆட்சியில் இங்கு அரசாங்க அதிபராயிருந்த டைக் என்பவரின் காலத்து மரங்கள் நிற்கும் பழைய பூங்காவை இதற்காகத் தொடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பேருந்திலும் புகையிரதத்திலும் வருவோர் நடந்து சேரக்கூடிய தூரத்தில், வாகனத் தரிப்பிடத்துக்கு இடமுள்ள அரச காணியொன்றை மாநகர சபையும் மாகாண விளையாட்டுத் திணைக்களமும் சேர்ந்து அடையாளம் காண வேண்டும். வரைபடம் தயாரானதும், ஒப்பந்தம் கொடுக்கும் முன்னர், அதை யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் ஒரு மாதமாவது பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, பயிற்றுநர்களிடமும் ஒலி, ஒளி அமைப்பாளர்களிடமும் எழுத்தில் கருத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நல்லூர்.